கொடியில் உலராத புடவை

அம்மா,

இன்று பிற்பகல் அத்தை என்னைக் கடந்து சமையலறைக்குள் போனபோது உன் வாசனை வந்தது. பூவின் வாசனையில்லை, சந்தனத்தின் வாசனையும் இல்லை. வெயிலே படாமல் நடையில் தொங்கி, கீழ்வீட்டுக் கரியடுப்பின் புகை ஏறி, உலர்ந்தும் உலராமலும் இருக்கிற நூல் புடவையின் வாசனை. இந்தக் கல்கத்தாக் குளிரில் மடிப்புடவைக்கு மட்டும் வருகிற வாசனை. பாப்பாவுக்குச் சாதம் பிசைந்துகொண்டிருந்தவள் கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவள் என் விரலைக் கடித்த பிறகுதான் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்தது.

அப்பா தூங்கிவிட்டார். மாடிப்படிக்கு அடியில், உன் தையல் பெட்டிமேல் சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு, பூ வேலைக்கு மாதிரி வரைந்த காகிதங்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அத்தைக்கு இருமல் விட்டு விட்டு வருகிறது. இருமும்போது விளக்கைக் கையால் மறைத்துக்கொள்கிறேன். பார்த்தால் யாருக்குக் கடிதம் என்று கேட்பாள். உனக்கு என்று சொன்னால் இன்னும் பயந்துவிடுவாள்.

வெள்ளிக்கிழமை உனக்கு வருஷத் திதி. அதற்குள் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும்.

உனக்கு நாலு மணிக்கே பொழுது விடிந்துவிடும். முற்றத்துக் குழாயில் தண்ணீர் விடும்போது ஒரு இருமல் சத்தம் கேட்குமே, அதற்கு நீ எழுந்துவிடுவாய். குழாய்க்குள் தோல் வளையம் இருக்கிறது, அது தீட்டென்று சுவாமிக்கும் சமையலுக்கும் தண்ணீர்ப் பாரக்காரன் சுமந்துவரும் கங்கை ஜலம். குளிக்க மட்டும் குழாய். குளித்துவிட்டு ஈரத்தோடு மேலே வந்து, நீளக் கோலால் கொடியிலிருந்து மடிப்புடவையை எடுப்பாய். முதல்நாள் துவைத்து உயரத்தில் போட்டு, யார் கையும் படாமல் உலர்ந்த புடவை. அதை உடுத்தினால்தான் அடுப்பைத் தொடலாம். அதன்பிறகு எங்களில் யாராவது கிட்டே வந்தால் "எட்டிப் போ, எட்டிப் போ" என்று கரண்டியாலேயே விரட்டுவாய். தம்பி சீனுவுக்கு அது ஒரு விளையாட்டு. தொடப்போவதுபோல் விரலை நீட்டிவிட்டு ஓடுவான்.

ஒன்பதரைக்கு அப்பா சாப்பிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு டிராமுக்குப் போவார். அவர் தலை மறைந்ததும் வீடு தலைகீழாகும். மடியைக் களைந்து வெளிப்புடவை, ரவிக்கை, சால்வை. பாப்பாவுக்குப் பால். ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு எனக்குத் தலை பின்னுவாய். சீனுவின் மற்றொரு செருப்பு எங்கே என்று நாங்கள் தேடும்போதே கீழே பள்ளிக்கூட வண்டி வந்து நின்றுவிடும். வண்டியோடு வருகிற வேலைக்கார மாஷி, "தாராதாரி! தாராதாரி!" என்று சீக்கிரம் வரச்சொல்லித் தெருவே அதிரக் கத்துவாள். பாப்பாவையும் சீனுவையும் கீழ்வீட்டுக் காகிமாவிடம் விட்டுவிட்டு, தையல் பெட்டியை இடுக்கிக்கொண்டு நீ ஓடிவருவாய். குதிரை நகர்ந்ததும் ஒரு பெருமூச்சு விடுவாய். உனக்கு ஒரு நாளில் கிடைத்த ஓய்வு அந்தப் பெருமூச்சுதான். அப்புறம் பாப்பாவின் சட்டையை எடுத்து வண்டியிலேயே ஓரம் அடிப்பாய்.

தையல் வகுப்பு இரண்டு மணி நேரம். உனக்கு வங்காளி பாதிதான் வரும். மீதியை விரலால் சொல்லிக்கொடுப்பாய். பெரிய பெரிய பெண்கள் உன்னை மாத்ராஜி தீதிமணி, மதராஸ் வாத்தியாரம்மா, என்று கூப்பிட்டு உன் உச்சரிப்பைக் கேலி செய்வார்கள். நீயும் சேர்ந்து சிரிப்பாய். வாய்விட்டு நீ சிரித்ததை நான் அந்த அறையில்தான் பார்த்தேன். கடைசி அரைமணியில் சால்வையை இழுத்து முன்னால் மூடிக்கொள்வாய். பாப்பாவுக்குப் பசிக்கிற நேரம் அது என்று உன் ரவிக்கைக்குத் தெரிந்துவிடும்.

அப்பா உன்னை அனுப்பச் சம்மதித்தது சும்மா இல்லை. "ஆத்துல மடி ஆசாரம் கொறையப்படாது. கொழந்தைகள் அழப்படாது" என்று இரண்டே வார்த்தை சொன்னார். நீ என்னிடம், "இதுல ஒண்ணு பிசகினாலும் தையல் கிளாஸ் போச்சுடி காமு" என்றாய். அதனால் வெளியிலிருந்து வந்ததும் மறுபடி குளியல், மறுபடி ஒரு மடிப்புடவை. காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று. மார்கழியிலும் அப்படித்தான்.

அவசரத்துக்கென்று உன்னிடம் ஒரு பட்டு இருந்தது. பட்டுக்கு இத்தனை கெடுபிடி இல்லை. ஆனால் அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் சுதேசி என்று சீமை நூலும் சீமைப் பட்டும் கூடாதென்று நிறுத்திவிட்டார்கள். கண்காட்சிக்கு மயில் தைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாதி மயிலோடு விழித்தார்கள். நீ வீட்டுக்கு வந்து அந்த நைந்த அரக்குப் பட்டை எடுத்து, கத்தரியால் கரையோடு வெட்டினாய். "அப்பாட்ட சொல்லாதே" என்றாய். நான் சொல்லவில்லை. அப்போது எனக்கு வாயை மூடத் தெரிந்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை உனக்குக் காலையிலிருந்தே தொண்டை கட்டியிருந்தது. திங்கட்கிழமை கண்காட்சி. அரைநாள் பள்ளி முடிந்து இருவரும் சேர்ந்து வந்தோம். மயிலின் கழுத்தை நான் வீட்டில் முடிப்பதாகச் சொல்லி வாங்கி வந்திருந்தேன். அப்பாவுக்கும் அரைநாள்தான், மூன்றரைக்கு வந்துவிடுவார். அவர் வரும்போது பலகாரம் தட்டில் இருக்க வேண்டும். நீ பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டே அடைக்கு ஊறப்போட்டதைப் பார்த்தாய். பாப்பா தூங்கியதும் கீழே குளிக்கக் கிளம்பினாய்.

"காமு, கொடிமேல ஒரு கண்ணு இருக்கட்டும். இவன் கோலை எடுத்துடப்போறான்."

"சரிம்மா" என்றேன், தலையைத் தூக்காமல்.

அவன் கோலை எடுத்தான். கால்களுக்கு நடுவே வைத்துக் குதிரை ஓட்டினான். குதிரை என் நூல்பெட்டியை உதைத்தது. பச்சையும் நீலமும் அரக்கும் ஒன்றுக்குள் ஒன்று சிக்கித் தரையெல்லாம் உருண்டன. முதுகில் ஒன்று வைத்தேன். அவன் அழவில்லை, குதிரையோடு நடைப்பக்கம் போய்விட்டான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சத்தமில்லாமல் இருந்தால் ஏதோ செய்கிறான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சிக்கெடுத்துக்கொண்டே இருந்தேன்.

போய்ப் பார்த்தபோது உன் புடவை தரையில் கிடந்தது. அதற்குள் அவன். கண் மட்டும் வெளியே தெரிந்தது.

"அம்மா வாசனையா இருக்கு, காமு. நீயும் உள்ள வா."

பிடுங்கினேன். தகரப் பெட்டிமேல் ஏறிக் கொடியில் பழையபடி போட்டேன். ஓரத்திலிருந்த தூசியைத் தட்டினேன். யாரும் பார்க்கவில்லை. திரும்பி வந்தால் நூல் இன்னும் சிக்காகத்தான் இருந்தது.

நீ படியேறி வந்தாய். தலையிலிருந்து ஜலம் சொட்டிற்று. கைகளைக் கட்டிக்கொண்டு நடுங்கினாய். உதடு நீலமாக இருந்தது. "மயிலுக்குக் கண்ணு வெச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே கோலை எடுத்தாய். புடவையின் தலைப்பு கோல்நுனியில் ஏறிவிட்டது. அப்போது நான் சொன்னேன்:

"அம்மா, அதை சீனு தொட்டுட்டான். கீழ போட்டுப் பொரட்டிட்டான்."

பாவம் வந்துவிடுமோ என்று பயந்துதான் சொன்னேன் என்று ஒரு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உனக்கு எழுதும்போது அப்படி எழுத வரவில்லை. நூல் சிக்கியதற்காகச் சொன்னேன். அவனுக்கு உன் கையால் ஒரு அடி விழட்டும் என்று சொன்னேன். நானும் தொட்டேன் என்பதைச் சொல்லவில்லை.

நீ கோலைத் தூக்கியபடியே நின்றாய். பல் கிடுகிடுக்கும்போதே சிரித்தாய்.

"நீ சொல்லாம இருந்திருக்கப்படாதோடி?"

"கொழந்தைதானேம்மா, அப்படியே உடுத்திக்கோயேன்" என்றேன். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

"தெரியாம பண்ணினா தோஷமில்லை. நீதான் சொல்லிட்டியே. தெரிஞ்சுண்டு எப்படிப் பண்ணறது?"

காலைப் புடவை இன்னும் பிழிந்த ஈரத்திலேயே இருந்தது. பட்டு மயிலாகியிருந்தது. கீழ்வீட்டுக் கடிகாரம் மூன்று அடித்தது. நீ அந்தப் புடவையை வாளியில் முக்கி, பிழிந்து, ஈரமாகவே உடுத்திக்கொண்டாய். ஈரத்துக்குத் தீட்டில்லை அல்லவா? சீனுவை அடிக்கவில்லை. நனைந்த தலைப்பை அவன்பக்கம் உதறி, "குதிரைக்காரா, இந்தா மழை" என்றாய்.

நீ அடை வார்த்தாய். முன்பக்கம் அடுப்பின் அனல், முதுகில் ஈரம். உன் முதுகிலிருந்து ஆவி எழும்பியது. சீனு வாசற்படியில் நின்று, "அம்மா மேல பொகை வரது" என்று கைகொட்டினான். அப்பா வந்தார். "இன்னிக்கு அடை மொறுமொறுன்னு இருக்கே" என்று இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டார். விளக்கு வைத்து, பாப்பாவை மறுபடி தூங்கப்பண்ணி, இரவுச் சாப்பாடு முடிகிறவரைக்கும் நீ அந்தப் புடவையில்தான் இருந்தாய். அது உன் உடம்பிலேயே உலர்ந்தது.

திங்கட்கிழமை நீ பள்ளிக்கூடத்துக்கு வந்தாய். மயிலைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். பெரிய தீதிமணி உன் கையைப் பிடித்துப் பாராட்ட வந்தவர், "கை இப்படிச் சுடுகிறதே!" என்று விட்டுவிட்டார். வண்டியில் திரும்பும்போது நீ ஓரம் அடிக்கவில்லை. என் தோளில் சாய்ந்துகொண்டாய். செவ்வாய்க்கிழமை குழாய்ச் சத்தம் கேட்டு நான் விழித்தேன். நீ எழுந்திருக்கவில்லை.

டாக்டர் வந்தது உனக்கு நினைவிருக்கும். அதைத்தான் உன்னிடம் கேட்க வேண்டும். முதுகில் காதுக்குழாயை வைத்துக் கேட்டுவிட்டு அவர் அப்பாவிடம் ஏதோ கேட்டார். அப்பாவின் வங்காளி டிராமுக்கும் கடைக்கும்தான் போதும். அப்பா என்னைப் பார்த்தார். டாக்டர் மறுபடி என்னிடம் நிதானமாகக் கேட்டார்: ஈரத்துணியோடு வெகுநேரம் இருந்தாரா?

"நா" என்றேன். இல்லை என்று.

"என்னடி கேக்கறார்?" என்றார் அப்பா.

"எத்தனை நாளா இருமல்னு கேக்கறார்."

நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். அந்த அளவு வங்காளி உனக்குத் தெரியும். நீ ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று இருந்தாயா, பேச மூச்சில்லையா? ஒன்பதாம் நாள் நீ போய்விட்டாய். அந்தக் கேள்வியை நான் யாரிடம் கேட்பேன்?

அத்தை கும்பகோணத்திலிருந்து ரயிலேறி வந்தாள். குழந்தை இல்லையென்று அத்திம்பேர் வேறு கல்யாணம் செய்துகொண்ட பிறகு அவளுக்கு அங்கே வேலையில்லையாம். "இங்கயாவது என்னைத் தேடி அழ ரெண்டு இருக்கே" என்று பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டவள்தான், இன்னும் இறக்கவில்லை. வாய் பொல்லாதது. "இது ஊரா, கெணத்தோட அடியா?" என்று குளிரைத் திட்டுவாள். பட்டை உடுத்திக்கொண்டு சமைக்கலாமே என்று அப்பா ஒருநாள் சொன்னதற்கு, "பட்டு சோம்பேறியோட மடிடா" என்றாள். ஆனால் காலையில் நான் கைவிரல் விறைத்து நின்றால் அடுப்பிலிருந்து கங்கு எடுத்துச் சட்டியில் போட்டு என் பக்கம் தள்ளிவிடுவாள். இந்தக் குளிர் வந்ததிலிருந்து அவளுக்கு இளைப்பு. மூச்சு விசில் மாதிரி கேட்கிறது.

குழாய்ச் சத்தத்துக்கு இப்போது நான் எழுந்திருக்கிறேன். சீனுவுக்குச் செருப்புத் தேடுகிறேன். மாஷி கத்துகிறாள். சனிக்கிழமைகளில் சின்னப் பெண்களின் தையல் வகுப்பை, வேறு ஆள் வரும்வரை, பெரிய தீதிமணி என்னிடம் விட்டிருக்கிறார். உன் பெட்டியைத்தான் கொண்டுபோகிறேன். உன் நாளை எடுத்து நான் உடுத்திக்கொண்டிருக்கிறேன், அம்மா. அது எனக்கு நீளமாக இருக்கிறது, தடுக்கி விழுகிறேன். இதுவும் திதி வரைக்கும்தான். அப்புறம் பள்ளிக்கூடம் போதும் என்று சொல்லிவிட்டார்கள். பங்குனியில் எனக்குக் கல்யாணம் பார்க்கிறார்கள். அதைப் பற்றி எழுத எனக்குத் தைரியமில்லை.

இன்றும் சனிக்கிழமை. வகுப்பு முடிந்து வந்தேன். அத்தை குளிக்கப் போயிருந்தாள். பாப்பா இப்போது நடக்கிறாள், உனக்குத் தெரியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடைக்குப் போனாள். அத்தை கொடியைக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டியிருக்கிறாள், இளைப்பில் கையைத் தூக்க முடியவில்லை என்று. புடவைத் தலைப்பு தொங்கியது. பாப்பா அதைப் பிடித்து எம்பி நின்று, வாயில் வைத்துச் சப்பினாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து அவளுக்குச் சாதம் பிசைய உட்கார்ந்தேன். வாசற்படியில் சீனு நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அத்தை வந்தாள். படியில் இரண்டு இடத்தில் நின்று நின்று வந்தாள். மூச்சு வாங்கிற்று. வழக்கம்போலக் கேட்டாள்:

"யாராவது தொட்டேளாடி?"

சீனு வாயைத் திறந்தான். நான் அவனைப் பார்த்தேன். எப்படிப் பார்த்தேனோ, மூடிக்கொண்டான்.

"இல்லை அத்தை" என்றேன்.

"பாப்பா கூடவா? அதிசயந்தான்!" என்று சிரித்து, அந்த உலர்ந்த புடவையைக் கோலால் எடுத்து உடுத்திக்கொண்டு என்னைக் கடந்து போனாள். அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

அம்மா, நான் காத்துக்கொண்டிருந்தேன். அத்தை அடுப்பு மூட்டினாள், உடனே பற்றிக்கொண்டது. சாதம் பதமாக வெந்தது. சுவாமிக்குக் காட்டினாள். விளக்கு அசையாமல் எரிந்தது. அப்பா சாப்பிட்டார், ரசம் நன்றாக இருக்கிறது என்றார். சீனு என்னைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். யாருக்கும் வயிற்றுவலி வரவில்லை. கூரை விழவில்லை. ஒன்றும் ஆகவில்லை, அம்மா. ஒன்றுமே ஆகவில்லை.

ஏதாவது ஆகியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அன்றைக்குச் சொன்னது சரிதான் என்று ஆகியிருக்கும். ஒன்றும் ஆகாத சாப்பாட்டை நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். உன்னை எதற்காக அந்த வாளிக்கு அனுப்பினேன் என்று ஒவ்வொரு கவளத்துக்கும் கேட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சீனு கையில் தர்ப்பை வைப்பார்கள். அத்தைதான் உனக்காகச் சமைப்பாள். மடி பிசகினால் அந்தச் சாதம் உன்னிடம் வந்து சேராது, நீ வாசல்வரை வந்துவிட்டுப் பசியோடு திரும்பிவிடுவாய் என்று இப்போதே தினம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அன்றைக்குக் கொடிக்குக் காவல் நான்தான். பாப்பாவை எத்தனை பிடித்தாலும் நழுவிவிடுகிறாள். தொட்டுவிட்டால்? சொன்னால் அத்தை ஈரத்தை உடுத்துவாள். அவளுக்கும் உனக்கு வந்த இருமல்தான். சொல்லாவிட்டால் நீ பட்டினி. எழுத உட்கார்ந்ததிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மயிலுக்கு வெட்டியதில் மிச்சமான அரக்குக் கரையில் ஒரு விரல் அகலம் என்னிடம் இருக்கிறது. ஊசிகளை அதில்தான் குத்தி வைத்திருக்கிறேன். பங்குனியில் எங்கே அனுப்பினாலும் அது என்னோடு வரும். அதைவிட, நீ கோலைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி கேட்டது வரும்.

அத்தை மறுபடி இருமுகிறாள். வெள்ளிக்கிழமையும் அவள் கேட்பாள். யார் தொட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்வேன். தெரியாமல் செய்தால் தோஷமில்லை என்று நீதானே சொன்னாய்? அவளுக்குத் தெரியாது. தெரிந்தவள் நான் ஒருத்திதான். உனக்குச் சாதம் வந்து சேரவில்லையென்றால் அவளைக் கோபிக்காதே, என் பெயரைச் சொல்லிப் பசித்திரு.

சொல்லாமல் இருந்திருக்கக் கூடாதா என்று கேட்டாயே, அம்மா. கற்றுக்கொண்டுவிட்டேன். ஒரு வருஷம் தாமதமாக.

உன்
காமு